திரும்பி வராதவர்கள் பட்டியலில் உன் பெயர்

என் வம்புக்கார சேவியர் அண்ணா,

போன மாதம் உன்னைப் பற்றி ஒரு போன் வந்தது. நீ மிகவும் நன்றாக இருக்கிறாய் என்று சொன்னார்கள். எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். வல்லம் வடகால் கேட்டைப் பஸ் தாண்டும்போது போன் அடித்தது. ஒரு இளம்பெண்ணின் குரல், பெயர் நித்யாவாம். படப்பைப் பக்கம் நீ மூன்று முறை சேர்ந்திருந்தாயே, அந்த மனநல ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராகப் புதிதாக வந்திருக்கிறாளாம்.

"சேவியர் சாரோட தங்கச்சிங்களா மேடம்? சார் டிஸ்சார்ஜ் ஆகி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு தடவைகூட திரும்பி அட்மிஷன் ஆகல. எங்க லிஸ்ட்ல ரொம்ப நல்லா வந்தவங்கள்ல சாரும் ஒருத்தர். தரச் சான்றுக்கு ஆடிட் வரப்போறாங்க, அதுக்கு முன்னாடி குடும்பங்களைக் கூப்பிட்டு ஒரு மீட்டிங் வெச்சிருக்கோம். சாரையும் கூட்டிக்கிட்டு வந்து நாலு வார்த்தை பேசுறீங்களா?"

நீயாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய்? உன் நாக்குக்கு ஏதாவது கிடைத்திருக்கும். நான் "என்னிக்கு மீட்டிங்?" என்று மட்டும் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கவே இல்லை. "நம்ம சேவி நல்லா கீறானான்னு இப்பத்தான் கேக்க வந்தாங்களா? போய்ச் சொல்லு. மாதா கோயில் பின்னால, மூணாவது வரிசையில நல்லா கீறான். சத்தமே போட்றது இல்ல. அவங்களுக்கு அதானே வேணும்" என்றாள்.

அண்ணா, நீ செத்துப் பதினோரு மாதம் ஆகிறது. அதை அவர்கள் கேட்கவில்லை. யாரும் கேட்காததால், திரும்பி வராத நீ குணமானவர்கள் பட்டியலில் இருக்கிறாய். 'ஆபரேஷன் சக்சஸ், ஆள் காலி' என்று நீயே கிண்டலடிப்பாயே, அதில் பாதியைத்தான் அவர்கள் எழுதி வைத்திருந்தார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த ஆஸ்பத்திரி மேல் பகை இல்லை, மாத்திரை மேலும் இல்லை. முதல் முறை உன்னைச் சேர்த்தபோது நீ ஐந்து நாள் தூங்கியிருக்கவில்லை. நீ வேலை பார்த்த பிரஸ் மெஷின் சத்தத்துக்குள் யாரோ உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றாய். ஒரகடம் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்று டிராபிக் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாய். உன்னைத் தூங்க வைத்தவர்கள் அவர்கள்தான். அதற்கு நன்றி சொல்லாமல் நான் எங்கேயும் பேச ஆரம்பிப்பதில்லை.

ஆனால் தூங்கினால் போதுமா?

வார்டில் தினம் காலையில் ஒரு சிஸ்டர் சீட்டோடு வருவாரே, ஞாபகம் இருக்கிறதா? தூங்கினாரா, சாப்பிட்டாரா, குளித்தாரா, சத்தம் போட்டாரா, மாத்திரையை விழுங்கினாரா. ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க். மார்க் ஏறினால் வீட்டுக்குப் போகலாம். மூன்றாவது முறை நீ சேர்ந்தபோது அந்த ஆட்டத்தின் விதி உனக்கு மனப்பாடம். டிஸ்சார்ஜ் ஆகி என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது நீயே சொன்னாய்: "புதுசா வந்த பசங்களுக்கெல்லாம் நான்தான் கோச்சிங் குடுத்தேன் மேரி. காலையில குளிச்சிடு, தட்ட காலி பண்ணு, குரல் கேக்குதான்னு கேட்டா இல்லன்னு சொல்லு, டாக்டர் வந்தா லேசா சிரி. ரொம்ப சிரிச்சிடாத, அதுக்கும் ஒரு மாத்திர எழுதிடுவாரு."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். "அப்ப குரல் இன்னும் கேக்குதா?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ரோட்டில் லாரி அதிகம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

அன்று காலை டிஸ்சார்ஜ் பேப்பரில் குடும்பத்தினர் நிரப்ப வேண்டிய பக்கம் ஒன்று இருந்தது. 'நோயாளியிடம் முன்னேற்றம் தெரிகிறதா?' என்று தொடங்கி எட்டுக் கேள்விகள். நான் எட்டுக்கும் 'முழுமையாக' என்பதில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். மதிய ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. உன்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும். பிரேக் பார்ட் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, கேஜ் வைத்து அளந்து, சரி என்றால் பச்சை டேக், ஆகாது என்றால் சிவப்பு டேக் போடுகிறவள். பார்க்காமலே பச்சை போடுவதுதான் எங்கள் லைனில் பெரிய பாவம். போன வருடம் அப்படிச் செய்த ஒரு பெண்ணை நானே சூப்பர்வைசரிடம் சொல்லி மாட்டிவிட்டேன். ஒரு இரும்புத் துண்டுக்கு நான் காட்டும் கவனத்தை என் கூடப்பிறந்தவனுக்குக் காட்டவில்லை.

அன்றைக்கு நீ என்னை விட்டுவிடவும் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால், என் யூனிபார்ம் பையிலிருந்து எடுத்த ஒரு மஞ்சள் டேக்கைச் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாய். மஞ்சள் என்றால் ஹோல்ட். நல்லதா கெட்டதா என்று இன்னும் முடிவாகவில்லை, நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

"இன்னாடா கூத்து இது?" என்றாள் அம்மா.

"ஓகேயும் இல்லம்மா, ரிஜெக்டும் இல்ல. இன்னும் பாக்கணும்னு போட்டுக்கினு கீறேன்" என்றாய்.

களைத்து வந்த எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். ஹோல்ட் டேக்கைப் போட்டவர்தான் எடுக்கலாம், அவர் கையெழுத்து இல்லாமல் மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது என்பது எங்கள் கம்பெனியில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற விதி. அந்த விதியை நான் மீறிய ஒரே நாள் அது. நீ ரசத்தை ஊற்றிக்கொண்டாய்.

நீ என்னதான் வேண்டும் என்று ஆசைப்பட்டாய்? கார் கேட்கவில்லை, கல்யாணம் கேட்கவில்லை. வல்லம் ஜங்ஷன் டீக்கடையில், ஷிப்ட் மாறும் நேரத்தில், நாலு கலர் யூனிபார்ம் முட்டி மோதும் அந்தக் கூட்டத்தில் தனியாக நின்று ஒரு டீ குடிக்க வேண்டும். யாரும் பின்னால் வரக்கூடாது. அவ்வளவுதான். முதல் நாள் கடை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டாய். அடுத்த முறை பாதி டீயை வைத்துவிட்டு ஓடி வந்தாய். பிறகு ஒரு நாள் காலிப் பேப்பர் கப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து டி.வி. மேல் வைத்தாய். "முழுசா குடிச்சிட்டேன். சாம்பிள் கொண்டாந்திருக்கேன், இன்ஸ்பெக்டரம்மா செக் பண்ணிக்கலாம்."

அந்தக் கப்பில் இப்போது அம்மா பேனா போட்டு வைத்திருக்கிறாள். எந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் அண்ணா அந்த டீக்கு மார்க் இருந்தது?

உன் உடம்பையும் யாரும் அளக்கவில்லை. மாத்திரையில் எடை ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு டிஸ்சார்ஜுக்குப் பிறகும் அம்மா உன் பேண்ட்டின் இடுப்பைப் பிரித்துத் தைத்தாள். மூன்றாவது முறை பிரிப்பதற்குத் துணியே இல்லை, பழைய சட்டையிலிருந்து வெட்டிய துணியை வைத்து ஒட்டுப் போட்டாள். அந்தப் பேண்ட்டை நான் தூக்கிப் போடவில்லை.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வரும்போதே நெஞ்சை அடைக்கிறது என்றாய். பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார்கள், அட்டையைக் காட்டினேன். அதைப் பார்த்ததும் அந்த டாக்டரின் முகம் மாறியது. ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுக்கவே இல்லை. "டென்ஷன்தான், மனசுல இருக்கிறதுதான் நெஞ்சுல தெரியுது. வூட்டுக்குக் கூட்டிப் போய் ரெஸ்ட் எடுக்க வைங்க" என்றார். மறுநாள் காலை பல் துலக்கப் போன நீ திரும்பி வரவில்லை.

பைத்தியம் என்று ஒருமுறை எழுதிவிட்டால், அதற்குப் பிறகு நெஞ்சு வலித்தால்கூட நம்ப மாட்டார்களா?

மீட்டிங்குக்குப் போனேன். அம்மா வரவில்லை, ஆனால் அந்தப் பேண்ட்டை ஒரு கட்டைப் பையில் மடித்துக் கொடுத்தாள். மாடியில் ஒரு ஹால், ஆளுக்கு ஒரு சமோசா, கேக். பெரிய டாக்டர் திரையில் படம் போட்டுக் காட்டினார். தூக்கம் கூடியிருக்கிறது, சத்தம் குறைந்திருக்கிறது, திரும்பி வருகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் எல்லோரும் கை தட்டினார்கள். கடைசியில் நித்யா என்னைப் பார்த்துச் சிரித்து, "சேவியர் சார் வரலையா மேடம்?" என்று மைக்கைக் கொடுத்தாள்.

"அவர் செத்துட்டாரு" என்றேன். "உங்க லிஸ்ட்ல நல்லா இருக்காரு."

ஹாலில் யாரோ மெல்லுவதை நிறுத்தியதுகூடக் கேட்டது. நித்யாவின் முகம் வெளுத்துவிட்டது, பாவம், அவள் என்ன செய்வாள். டாக்டர் எழுந்து வந்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை. "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. எப்படி?" என்றார். மாரடைப்பு என்றேன். "அது துரதிர்ஷ்டம். ஆனா அதுக்கும் எங்க வார்டுக்கும் நேரடியா…" என்று ஆரம்பித்தார்.

நான் பேண்ட்டை எடுத்து மேஜைமேல் விரித்தேன். "இதுல எத்தனை தையல் இருக்குன்னு பாருங்க சார். எங்கம்மா எழுதின ரிப்போர்ட் இது. உங்க ஃபைல்ல எடை ஒரு தடவையாச்சும் எழுதியிருக்கா?"

எனக்கு வாய் திறந்துகொண்டது. "நான் கம்பெனியில இன்ஸ்பெக்ஷன் சார். வெளிய போன பார்ட் திரும்பி வரலைன்னா நல்ல பார்ட்டுன்னு நாங்க எழுதுறது இல்ல. வண்டியே நொறுங்கிப் போச்சுன்னா பார்ட் எப்படி சார் திரும்பி வரும்? நாங்க போன் பண்ணிக் கேப்போம். அளக்கிற கேஜே தப்புன்னு தெரிஞ்சா, அதுல பார்த்த மொத்த லாட்டையும் நிறுத்தி வெச்சு ஒண்ணொண்ணா திரும்பப் பார்ப்போம். நீங்க சத்தத்தை அளக்குறீங்க. ஆளை அளக்கல."

என் குற்றத்தையும் மறைக்கவில்லை. "எட்டு டிக்கும் நான்தான் போட்டேன். பார்க்காம போட்டேன். அதனாலதான் கேக்க வந்திருக்கேன்."

டாக்டர் கொஞ்ச நேரம் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நித்யாவிடம் மெதுவாக, "அவர் பேரை லிஸ்ட்ல இருந்து எடுத்துடும்மா" என்றார்.

அண்ணா, அதுவரைக்கும் நான் அழவில்லை. அதைக் கேட்டதும் கத்திவிட்டேன். "எடுக்காதீங்க! எடுத்தா எங்கண்ணன் உங்ககிட்ட வரவே இல்லைன்னு ஆயிடும். பேரு அங்கேயே இருக்கட்டும். பக்கத்துல செத்துட்டாருன்னு எழுதுங்க."

நித்யா பேனாவை எடுத்து, எல்லோருக்கும் முன்னால், உன் பெயருக்குப் பக்கத்தில் எழுதினாள். அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு பேப்பரில் விழுந்ததைப் பார்த்தேன். கேக் யாரும் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குச் சொல்ல வேண்டிய செய்தி. மூன்று வாரம் கழித்து நித்யா வீட்டுக்கே வந்தாள், புதுப் படிவத்தோடு. அம்மா அவளை உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தாள். இனிமேல் வார்டில் எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்களாம். டிஸ்சார்ஜ் ஆன பிறகு மாதாமாதம் போன் செய்வார்களாம். திரும்பி வராதவர் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் கேட்பார்களாம். நெஞ்சு வலி என்றால் இ.சி.ஜி. எடுக்காமல் அனுப்பக்கூடாது என்று சுற்றியுள்ள கிளினிக்குகளில் காட்ட ஒரு கடிதமும் தருவார்களாம். அம்மா அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷத்துக்கு முன்னால குடுத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

குடும்பங்களின் சார்பில் என் கையெழுத்து வேண்டுமாம், ஆடிட்டுக்குக் காட்ட. படிவத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன், இந்த முறை ஒவ்வொரு வரியாக. மீட்டிங் அன்றே நான் எழுதிக் கொடுத்திருந்த ஒரு கேள்வியை மட்டும் காணோம். 'நீங்களாக என்ன செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்? அது நடந்ததா?' சேர்ந்த அன்று ஒருமுறை, போகும் அன்று ஒருமுறை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை, நோயாளியையே கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தேன்.

"அதை அளக்க முடியாதுன்னு சார் சொல்லிட்டாரு மேடம்" என்றாள் நித்யா, டீக்கப்பைப் பார்த்துக்கொண்டு.

நான் யூனிபார்ம் பையைத் திறந்து ஒரு மஞ்சள் டேக்கை எடுத்தேன். பெயர், தேதி, காரணம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'ஆளைக் கேட்கவில்லை' என்று எழுதி, படிவத்தின் மூலையில் ஓட்டை போட்டு மாட்டிக் கொடுத்தேன்.

"ஐயோ மேடம், அடுத்த மாசம் ஆடிட்" என்றாள்.

"அதுக்குள்ள கேட்டுடுங்க" என்றேன்.

மறுநாள் டாக்டரே போன் செய்தார். "கேட்டா ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்வாங்கம்மா. எதுக்கு எவ்வளவு மார்க் போடறது?"

"மார்க்கே போடாதீங்க சார். நடந்துச்சா, இல்லையா, அவ்வளவுதான். என் கேஜுக்கும் ரெண்டே பக்கம்தான். உள்ள போகும், இல்ல போகாது. அதை வெச்சுத்தான் இந்த ரோட்டுல ஓடுற வண்டியெல்லாம் பிரேக் பிடிக்குது."

அவர் சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா என்று தெரியவில்லை. யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டார். சூப்பர்வைசர் காதில் இது விழுந்து, "வெளி வேலையில கம்பெனி டேக்கை ஏன் யூஸ் பண்ண?" என்று மெமோ கொடுத்திருக்கிறார். கொடுக்கட்டும். எழுத்தில் பதில் கேட்டிருக்கிறார், நானும் நன்றாகவே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நேற்று நித்யா ரகசியமாகக் கூப்பிட்டாள். படிவத்தில் இடம் இல்லாவிட்டாலும் அவளாகவே வார்டில் ஒருவரைக் கேட்டாளாம். மனிதர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "வாலாஜாபாத் பஸ்ல ஜன்னல் சீட்ல தனியா உக்காந்து என் பொண்ணு வூட்டுக்குப் போவணும்" என்றாராம். இத்தனை வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாராம். அவள் அதைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

உன்னை அப்படி யாராவது கேட்டிருந்தால் நீ இன்றைக்கு இருந்திருப்பாயா? தெரியாது. நான் கேட்டிருந்தால்? அதுவும் தெரியாது. அதற்கு எவ்வளவு அழுதாலும் எனக்கு விடை கிடைக்கப்போவதில்லை, அதனால் அழுதுகொண்டே சண்டை போடுகிறேன்.

கல்லறைத் திருநாளுக்கு அம்மாவோடு வருவேன். பூவும் மெழுகுவர்த்தியும் அவள் கொண்டுவருவாள். நான் வழியில் வல்லம் ஜங்ஷனில் இறங்கி, அந்தக் கூட்டத்தில் நின்று, உனக்காக ஒரு டீயை முழுசாகக் குடித்துவிட்டு வருவேன்.

ஆடிட் வரட்டும், சான்று கிடைக்காமல் போகட்டும், டாக்டர் பத்து முறை போன் செய்யட்டும். உன்னைப் போன்ற ஒருவரை உட்கார வைத்து அந்தக் கேள்வியைக் கேட்காத வரை அந்தப் படிவத்தில் என் கையெழுத்து விழாது. உன் சட்டையில் நீ மாட்டிய டேக்கை நான் பிடுங்கினேன் அண்ணா. இதைப் பிடுங்க யாரையும் விட மாட்டேன்.

ஒருமுறை பார்க்காமல் கையெழுத்துப் போட்டு, இனி ஒருபோதும் அப்படிப் போடாத,
உன் தங்கச்சி மேரி